அந்நிய மொழியும் கற்போன் நாட்டமும்: பிரெஞ்சுக் கல்வி பற்றிச் சீனன்குடாவிலிருந்து சில சிந்தனைகள்

சீனன்குடாவின் மா ஆலையில் முறைமாற்று வேலை செய்யும் இளைஞர் ஒருவர், தாம் பிரெஞ்சு மொழி கற்பதைக் கைவிட்டுவிட்டதாகச் சில மாதங்களுக்கு முன்னர் என்னிடம் கூறினார். கைபேசிச் செயலியொன்றில் தொடங்கி, கொப்பி நிறைய வினைச்சொற்களின் திரிபுகளை எழுதி, மூன்றாம் மாதத்தில் நிறுத்திக்கொண்டவர் அவர். “எனக்கு ஊக்கம் காணாது, சேர்” என்பதே அவர் தந்த விளக்கம். மொழி பயிற்றும் நூல்கள் பலவும் இவ்விளக்கத்தையே வேறு சொற்களில் தருகின்றன. ஊக்கம் என்பது தனிமனித உள்ளத்தில் கூடியோ குறைந்தோ கிடக்கும் ஒரு பொருள் என்றும், அது குறையுமிடத்துப் பாட்டு, படம், விளையாட்டு முதலியவற்றால் நிரப்பிக்கொள்ளலாம் என்றும் அவை கருதுகின்றன. இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதைப் பிரெஞ்சு மொழிக் கல்வியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்ல் மார்க்ஸ் ஏறத்தாழ ஐம்பதாவது வயதில் ருஷ்ய மொழியைக் கற்கத் தொடங்கினார். நோயும் கடனும் அவரை வருத்திய காலம் அது. ருஷ்யத் தொழிலாளர் நிலைமை பற்றி ஃபிளெரோவ்ஸ்கி 1869 இல் வெளியிட்ட நூலை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்ற தேவை அவரை அகராதியின்முன் அமர்த்தியது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, புரூதோனை மறுத்து ‘மெய்யறிவின் வறுமை’ என்ற நூலை அவர் பிரெஞ்சிலேயே எழுதி 1847 இல் வெளியிட்டிருந்தார். யாருடன் வாதிட வேண்டுமோ அவர்தம் வாசகரின் மொழியில் வாதிட்டார் என்பதே இங்கு மனங்கொளத்தக்கது. இரு சந்தர்ப்பங்களிலும் வினா முன்னே பிறக்கின்றது. மொழி அதன் பின்னே வருகின்றது. எமது இளைஞரின் கொப்பியில் வினைத்திரிபுகள் இருந்தன. வினா எதுவும் இருக்கவில்லை.

சீனன்குடாவில் வாழும் ஒருவருக்குப் பிரெஞ்சு மொழியிடம் கேட்பதற்கு வினா ஏதும் உண்டா? உண்டு என்பதே எனது துணிபு. அது கண்ணெதிரே, துறைமுக நீரிலேயே கிடக்கின்றது. 1672 ஆம் ஆண்டில் தெ லா ஹே என்பவரின் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்பாடு காண முயன்ற அப்படை, சில மாதங்களில் ஒல்லாந்தரால் வெளியேற்றப்பட்டது. ஒரு நூற்றாண்டின் பின்னர், 1782 ஓகஸ்ட் இறுதியில், சஃப்ரன் என்னும் கடற்படைத் தளபதி திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். செப்டெம்பர் 3 ஆந் திகதி துறைமுகத்துக்கு வெளியே பெரும் கடற்போர் நிகழ்ந்தது. 1783 இல் போர் ஓய்ந்தபின் துறைமுகம் மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. எமது பாடநூல்களில் இவையெல்லாம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. அவ்வரிகளும் பெரும்பாலும் ஆங்கிலேயர் நோக்கில் அமைந்தவையே.

இவ்வரலாறு மற்றொரு விளைவையும் தந்துள்ளது. பிரெஞ்சுக்காரர் இங்கு நிலைத்திருப்பின் அவர்தம் மொழியே எமது கந்தோர்களின் மொழியாகவும், மேட்டுக்குடியின் அடையாளமாகவும் ஆகியிருக்கும். சிங்கள இளைஞர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று குறிப்பதை நாம் அறிவோம். அவ்வாளுக்கு அஞ்சி, ஆங்கிலத்தில் வாய்திறக்க நாணி நிற்கும் மாணாக்கரை ஒவ்வொரு ஆண்டும் வகுப்பறையில் காண்கிறேன். பிழை விட்டால் தம் வர்க்கம் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சமே அந்நாணம். பிரெஞ்சில் பிழை விட்டால் சீனன்குடாவில் எள்ளி நகைக்க எவருமிலர். புதுச்சேரியில் பிறந்த ஒருவருக்கு இவ்வசதி இருந்திராது. அங்கு அதுவே ஆள்வோர் மொழியாயிருந்தது. வேறிடங்களில் ஏகாதிபத்தியக் கருவியாக விளங்கிய மொழியொன்றை, அதனோடு வரும் தாழ்வுணர்ச்சி இன்றி அணுகும் வாய்ப்பு வரலாற்றின் தற்செயலால் எமக்குக் கிட்டியுள்ளது. கற்றலின் இன்பத்துக்கு இஃது ஒரு முதன்மையான நிபந்தனை எனலாம்.

இனி, மொழியின் உள்ளே செல்வோம். தமிழ் பேசுவோருக்குப் பிரெஞ்சு மிகத் தொலைவிலுள்ள மொழி என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஒலியமைப்பைப் பொறுத்தவரை அஃது ஓரளவே உண்மை. ஆங்கிலத்தில் சொன்முதலில் வரும் வல்லொலிகள் மூச்சுக் கலந்து ஒலிக்கின்றன. பிரெஞ்சில் அவை தமிழிற் போலவே மூச்சின்றி ஒலிக்கின்றன. ஆங்கிலேயர் ‘ரேபிள்’ என்பதைப் பிரெஞ்சுக்காரர் ‘தாப்ல்’ என்பர். அது நமது தகரமேதான். ஆங்கிலேயர் பலர் ஆண்டுக்கணக்கில் முயன்று பெறும் ஒலியை எமது சிறுவர் முதல்நாளிலேயே ஒலித்துவிடுவர். மூக்குயிர்கள் மட்டும் சற்றுத் தொல்லை தருவன. தமிழகப் பேச்சுத்தமிழில் ‘மரம்’, ‘அவன்’ என்பவற்றின் ஈறு மூக்குயிராகவே ஒலிப்பதால் அங்குள்ளோர்க்கு அது பழகிய ஒலி. ஈழத்துப் பேச்சில் ஈற்றுமெய் பெரும்பாலும் மெய்யாகவே நிற்பதால் நாம் முயன்று பழகவேண்டும்.

புணர்ச்சி இலக்கணம் கற்றவர்க்கு இதனினும் பெரிய வியப்பு காத்திருக்கின்றது. ‘நண்பன்’ எனப் பொருள்படும் ‘அமி’ என்ற சொல்லின்முன் ‘ல’ என்னும் சுட்டடை வரும்போது அதன் ஈற்றுயிர் கெட்டு ‘லமி’ என்றாகும். காடு, எங்கே என்பன ‘காடெங்கே’ ஆவது போன்றதே இது. பன்மையில் வரும் ‘லே’ என்பதன் இறுதியில் எழுத்தில் மட்டும் ஒரு சகரமெய் உண்டு. தனித்து நிற்கையில் அது ஒலிக்காது. பின்னே உயிர் வந்தால் அம்மெய் விழித்தெழுந்து உயிரோடு கூடி ‘லேஸமி’ என ஒலிக்கும். நன்னூலின் உயிரீற்று, மெய்யீற்றுப் புணரியல்களை வேண்டாத சுமையென வெறுத்த மாணவி ஒருத்தி, இவ்வொப்புமையைக் கண்டபின் நன்னூலையே மீண்டும் எடுத்துப் படித்ததை நான் கண்டுள்ளேன். தொண்ணூறு என்பதைப் பிரெஞ்சுக்காரர் ‘நான்கிருபது பத்து’ என எண்ணுவதைக் கேட்டுச் சிரிப்பவர் பலர். ஒன்பதும் பத்தும் சேர்ந்து ‘தொண்ணூறு’ ஆகும் விந்தையைத் தொல்காப்பியர் விதி செய்து விளக்க வேண்டியிருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

முன்னிலைப் பெயரும் இத்தகையதே. ‘த்யு’ என்பது நீ. ‘வூ’ என்பது நீங்கள். எமக்கோ நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. நடுவிலுள்ள ‘நீர்’ எங்கே போய் அமர்வது என்று தெரியாமல் தடுமாறும். 1793 இல் பாரிஸின் புரட்சியாளர், மரியாதைப் பன்மையை ஒழித்து எல்லோரையும் ‘த்யு’ என்றே விளிக்க வேண்டுமென்று கோரினர். இலக்கணமும் வர்க்கப் போராட்டத்தின் களமாகக் கூடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது. சொற்பால் மட்டும் எமக்கு அந்நியமானது. தமிழில் பால்பகுப்பு பொருள்நோக்கியது. பிரெஞ்சில் மேசை பெண்பால் ஆவதற்குப் பொருள்நோக்கில் காரணம் தேடிப் பயனில்லை. இதனை மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. இதில் இன்பம் உண்டென்று கூறி எவரையும் ஏமாற்ற நான் விரும்பவில்லை.

ஒலியைவிட ஆழமாக எம்மைப் பிணிக்கும் ஒரு சொல் பிரெஞ்சில் உண்டு. ‘பரியா’ என்பதே அது. பறையர் என்னும் தமிழ்ச் சாதிப்பெயரிலிருந்து போர்த்துக்கேயர் வழி ஐரோப்பா சென்ற அச்சொல், பெர்னார்தேன் தெ சேன்-பியேர் 1791 இல் வெளியிட்ட கதையொன்றினால் இலக்கிய உலகிற் பரவிற்று. 1838 இல் ஃபுளோரா திரிஸ்தான், தமது பெரு நாட்டுப் பயணநூலின் தலைப்பிலேயே தம்மை ஒரு ‘பரியா’ என அழைத்துக்கொண்டார். கொடுமை செய்த கணவனிடமிருந்து சட்டப்படி விடுபட இயலாத பெண்ணின் நிலையை அவர் அச்சொல்லால் உணர்த்தினார். 1843 இல் ‘தொழிலாளர் ஒன்றியம்’ என்ற நூலில் உழைப்போர் ஒன்றுபட வேண்டுமென முழங்கியவரும் அவரே. கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை வெளிவர அப்போது இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. 1922 இல் பாரிஸில் குடியேற்ற நாட்டவர் வெளியிட்ட பத்திரிகைக்கும் ‘ல பரியா’ என்றே பெயர். அதனை நடத்துவதில் முன்னின்றவர் பின்னாளில் ஹோ சி மின் என அறியப்பட்டவர். கப்பற் சமையலறையில் எடுபிடி வேலை செய்து கடல் கடந்த அவர், ஆள்வோரின் மொழியைக் கொண்டே ஆள்வோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்.

இச்சொல்லின் பயணத்தைப் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. தமிழ்க் கிராமத்தில் நிலமும் நீரும் மறுக்கப்பட்ட மக்களின் பெயர், ஐரோப்பாவில் ஒதுக்கப்பட்டோர் அனைவர்க்கும் உருவகமாயிற்று. உருவகம் விரிய விரிய அம்மக்கள் அதிலிருந்து மறைந்தனர். பிரெஞ்சு அகராதியில் அச்சொல்லைக் காணும் தமிழ் மாணவர் ஒருவர், பிரெஞ்சுக்காரர் பலர் காணாததை அதிற் காண்பார்.

இனி, தேவையின் கட்டாயத்தால் கற்போரை நோக்குவோம். 1983 இன் பின்னர் பிரான்சை அடைந்த ஈழத்தமிழர் பல்லாயிரவர். ஷோபாசக்தி நடித்து, 2015 இல் கான் திரைப்பட விழாவின் உயர் விருதைப் பெற்ற ‘தீபன்’ படத்தில், பாடசாலை செல்லும் சிறுமியே பெரியோர்க்கு மொழியின் வாயிலாவதைக் கண்டோம். இப்போது அவ்வாயில் மேலும் குறுகியுள்ளது. 2024 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதல் பத்தாண்டு வதிவிட அட்டைக்குப் பி1 நிலையும், பிரசாவுரிமைக்குப் பி2 நிலையும் வேண்டப்படுகின்றன. முன்னர் பிரசாவுரிமைக்கே பி1 போதுமாயிருந்தது. அங்கு நிலைத்து வாழ விரும்பும் ஒருவர்க்கு மொழி என்பது இவ்வாறு எல்லைக்காவலாக மாறிவிடுகின்றது. தன் உழைப்பின் விளைவு தன்னையே எதிர்த்து நிற்கும் நிலையை மார்க்ஸ் அந்நியமாதல் என்றார். பரீட்சைக்காக மட்டும் கற்கப்படும் மொழிக்கும் அது பொருந்தும்.

ஆயினும் கட்டாயம் இன்பத்தை முற்றாக அழித்துவிடுவதில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் பாரிஸ் சென்று உணவகமொன்றில் கோப்பை கழுவிய என் உறவினர் ஒருவர் கூறியது நினைவுக்கு வருகின்றது. அவர் முதலிற் கற்றவை யாவும் ஏவற்சொற்களே: விரைவாக, இங்கே, இன்னும். எட்டு மாதங்களின் பின் ஒருநாள், குப்பைத்தொட்டிகளை வெளியே இழுக்க மூன்றாம் முறையாகத் தம்மையே அழைத்தபோது, “ஸ நே பா மொன் தூர்” என்றாராம். ‘இது என் முறை அன்று’ என்பது அதன் பொருள். தலைமைச் சமையற்காரர் அவரை ஒருகணம் பார்த்துவிட்டு வேறொருவரை அழைத்தார். அன்றிரவு நித்திரை வரவில்லை என்று, முப்பதாண்டுகளின் பின்னும் முகம் மலரச் சொன்னார் அவர். எந்தச் செயலியும் அம்மலர்ச்சியைத் தந்திருக்காது.

எதனைப் படிப்பது என வினவுவோர்க்கு ஒன்று கூறலாம். காம்யுவின் 1942 ஆம் ஆண்டு நாவல் குறுகிய வாக்கியங்களாலும், பேச்சுவழக்கின் இறந்தகால வடிவத்தாலும் ஆனது; தொடக்கநிலை கடந்தவர்க்கு ஏற்றது. வெ. ஸ்ரீராம் அதனைப் பிரெஞ்சிலிருந்து நேரே ‘அந்நியன்’ எனத் தமிழாக்கியுள்ளார். இரண்டையும் அருகருகே வைத்து வாய்விட்டுப் படிப்பது பெரும்பயன் தரும். அந்நாவலில் கொல்லப்படும் அராபியனுக்குப் பெயரே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அக்குறையை அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013 இல் பிரெஞ்சிலேயே மறுநாவல் எழுதி எதிர்கொண்டார்.

எமது ஆலைத் தொழிலாளியிடம் நான் நாவலைக் கொடுக்கவில்லை. சஃப்ரனின் 1782 ஆம் ஆண்டுப் போரை வருணிக்கும் பிரெஞ்சுப் பந்தியொன்றைப் பிரதிசெய்து கொடுத்தேன். ‘சூ ல வான்’, அதாவது ‘காற்றின் கீழ்’, என்ற தொடரில் இருவரும் அகப்பட்டு நின்றோம். அகராதி தந்த பொருள் தெளிவு தரவில்லை. மீன்பிடித் தொழிலரான தம் தந்தையாரிடம் கேட்டு வந்து அவரே விளக்கினார். செப்டெம்பரில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும்; துறையை விட்டு வெளியேறும் கப்பலுக்கு அது துணை, திரும்பி வருவதற்கோ தடை. ஆங்கிலக் கப்பல்கள் சஃப்ரனைக் காற்றுவாக்கில் வெளியே இழுத்துச் சென்றதன் சூழ்ச்சி அப்போதுதான் எனக்கும் விளங்கிற்று. அப்பந்தியைக் கடக்க எமக்கு மூன்று மாலைப்பொழுதுகள் பிடித்தன. அடுத்த பந்தியை அவர் தாமே கேட்டு வாங்கிச் சென்றுள்ளார்.