பள்ளிக்குள் வந்த மனநலக் குழு

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகக் குழந்தை ஆய்வு மையம், 1968ஆம் ஆண்டில் குழந்தை மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமரின் தலைமையில், ஒரு சமூகப் பணியாளர், ஓர் உளவியலாளர், ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோரைக் கொண்ட குழுவை, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் பயின்ற இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பியது. தேர்ச்சியிலும் வருகையிலும் பின்தங்கியிருந்த அப்பள்ளிகளில், பிள்ளைகளின் நடத்தையைத் தனித்தனி நோயாகக் கருதாமல், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான நம்பிக்கைக் குறைவின் விளைவாகவே கோமர் கண்டார். வேலைக்காரப் பெண்ணாக உழைத்தபடி ஐந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த தாயின் மகனான அவருக்கு, பெற்றோரின் பங்கு ஏட்டறிவு மட்டுமன்று.

தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோர் ஒன்றுகூடிப் பள்ளித் திட்டத்தை வகுக்கும் நிர்வாகக் குழு, பிள்ளைகளின் மனநலச் சிக்கல்களைக் கவனிக்கும் ஆதரவுக் குழு, பெற்றோர் குழு ஆகிய மூன்றும் கோமர் அங்கு உருவாக்கிய முறையின் தூண்களாயின. யார்மீதும் பழி சுமத்தாமல் தீர்வையே தேடுவது, வாக்கெடுப்பின்றி ஒருமித்த கருத்தால் முடிவெடுப்பது என்பன அவற்றின் விதிகள். பழி பேசாமை என்னும் முதல் விதியே மற்ற அனைத்தையும் சாத்தியமாக்கியது எனலாம். முதலாண்டில் ஆசிரியர்களும் பெற்றோரும் கடுமையாக மோதிக்கொண்டபோதிலும் மையத்தினர் விலகிச் செல்லவில்லை. 1980களில் இம்முறையைப் பின்பற்றிய பள்ளிகளின் மாணவர்கள், நகரத் தேர்வுகளில் முன்வரிசைக்கு உயர்ந்தனர்.