கூட்டத்தொடர் முடித்துவைப்பு

"கூட்டத்தொடரை முடித்துவைத்துக் குடியரசுத் தலைவர் உத்தரவு" என்று நாளிதழில் அவ்வப்போது சிறு செய்தி வரும். நின்று படிக்க வேண்டிய செய்தி அது.

அவையை மறுநாளுக்கோ தேதி குறிப்பிடாமலோ சபாநாயகர் தள்ளிவைத்தால் அது ஒத்திவைப்பு. மக்களவையே இல்லாமல்போய்த் தேர்தல் வந்தால் கலைப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஆங்கிலத்தில் ப்ரோரோகேஷன் எனப்படும் முடித்துவைப்பு. உறுப்பினர்களின் பதவி போகாது; மறுபடி அழைப்பு வரும்வரை அவை கூடாது.

ப்ரோரோகேஷன் என்ற சொல் ரோமிலிருந்து வந்தது. கி.மு. 326இல் நேப்பிள்ஸ் முற்றுகை முடியுமுன்பே ரோமானியத் தளபதி பப்லிலியஸ் ஃபைலோவின் பதவிக்காலம் முடிந்துவிட, மக்களின் ஒப்புதலோடு அவருடைய படையதிகாரத்தை நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்புக்குப் பெயர்தான் இது. பிற்பாடு தள்ளிப்போடுவது என்ற பொருளும் சேர்ந்து, இங்கிலாந்து மன்னர்கள் கையில் ஆயுதமானது. இரண்டாம் சார்லஸ் 1675 நவம்பரில் நாடாளுமன்றத்தை முடித்துவைத்தார். அடுத்து அது கூடியது 1677 பிப்ரவரியில்.

இன்றைய பிரிட்டனில் இது வழக்கமாகச் சில நாள் இடைவெளிதான். 2019இல் பிரதமர் போரிஸ் ஜான்சன் ஐந்து வாரம் கேட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் கெடு அக்டோபர் 31. கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் அவைக்குப் பூட்டு! அரசி ஒப்புதல் தந்தார், சடங்கும் நடந்தது. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அதைச் செல்லாது என்றார்கள். நாடாளுமன்றத்தின் கடமையைத் தடுக்கிறது, அதற்குத் தக்க காரணமும் சொல்லப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். முடித்துவைப்பே நடக்கவில்லை என்றாகிவிட்டதால், புது அழைப்பு எதுவுமின்றி மறுநாளே அவை கூடியது.

நம் அரசியலமைப்பு இதைவிடக் கவனமானது. இரு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாத இடைவெளி விழக் கூடாது என்கிறது 85ஆவது பிரிவு. நிலுவை மசோதாக்களும் முடித்துவைப்பால் காலாவதியாகா. பிரிட்டனிலோ, தனியாகத் தீர்மானித்தாலன்றி மசோதாக்கள் காலாவதியாகிவிடும். ஆனாலும் ஒரு சந்து இருக்கிறது. இரு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும்போது அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது; ஓர் அவையை முடித்துவைத்தால் அந்தத் தடை விலகிவிடும். 2015 மார்ச் 28 அன்று மாநிலங்களவையின் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. ஏப்ரல் 3 அன்று நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டம் மீண்டும் பிறந்தது. சட்டப்படி சரிதான். விவாதிக்க வேண்டிய அவையை விலக்கிவைத்துச் சட்டம் போடுவது முறையல்ல என்பதே என் கருத்து.

அடுத்த முறை அந்தச் சிறு செய்தி கண்ணில் பட்டால் இரண்டைக் கவனியுங்கள்: அவையில் எந்த விவாதம் பாதியில் நிற்கிறது, அதற்குப் பிறகு என்ன உத்தரவு வருகிறது.