வீட்டு வேலை பயிற்சி ஆகாது

“நாள் முழுக்கப் பெருக்கித் துடைத்துத் துவைக்கிறேன், இதற்கு மேல் உடற்பயிற்சி வேறா?” 45 வயதை ஒட்டிய பெண்கள் பலர் கேட்கும் கேள்வி இது. களைப்பு பொய்யில்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் அதற்கெனத் தினமும் 299 நிமிடங்கள் செலவிட்டார்கள், ஆண்கள் 97. ஆனால் களைப்பு வேறு, பயிற்சி வேறு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் எலும்பு வேகமாகத் தேய்கிறது, தசையும் மெலிகிறது. பல வருடம் பழகிப்போன துடைப்பமும் வாளியும் எலும்புக்குப் புதுச் சுமை ஆவதில்லை. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. எட்டு மாதம், வாரம் இருமுறை, அரைமணி நேரம் பயிற்றுநர் கண்காணிப்பில் கனத்த எடை தூக்கியும் குதித்தும் பயின்றவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கோ 1.2 சதவீதம் குறைந்தது.

அப்படியென்றால் யோகா வீணா? இல்லை. ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் தடுமாற்றத்தைக் குறைக்கும். விழுவது குறைந்தால் எலும்பு முறிவும் குறையும். ஆனால் எலும்புக்கு யோகா மட்டும் போதும் என்பது மிகை. வாரம் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எல்லா ஆசனமும் எல்லோருக்கும் ஆகாது. எலும்பு தேய்ந்தவர்கள் முதுகை வளைத்துக் குனியும் பச்சிமோத்தானாசனத்தையும், கண் அழுத்த நோயோ கட்டுப்படாத ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் சிரசாசனத்தையும் தவிர்க்க வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே விசாரிக்காத பயிற்றுநரிடம் போகாதீர்கள்.

உடற்பயிற்சி தன்னம்பிக்கை தரும் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பாயிலிருந்து முழங்காலில் கை ஊன்றாமல் எழ முடிகிறதா, இருமும்போது சிறுநீர் கசியுமோ என்ற பயமில்லாமல் கல்யாண வீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் அளவுகோல். அந்தக் கசிவை வயதின் கூலி என்று சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சிதான் அதற்கு முதல் சிகிச்சை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்ப்பார்கள்; தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ரத்தம் பட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். நேரம் எங்கே என்பீர்கள். வீட்டு வேலைக்கான அந்த 299 நிமிடத்தில் 30 நிமிடத்தை வீட்டிலிருக்கும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நாளைக் காலைக் காபியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.