ஒரே எண், இரண்டு மருந்து: ரைஃபிள் தோட்டாவின் அளவு அட்டவணையை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் மான் வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கும் போகிறவர்களில் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, எரிந்துபோன பிரைமரைத் தட்டி எடுத்து, கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு புது பிரைமர், புது மருந்து, புது குண்டு வைத்தால் மறுபடி தோட்டா தயார். இதற்குப் பெயர் ரீலோடிங். அங்கே இது சட்டப்படியான, சாதாரணப் பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம்.

என்னை இதில் இழுத்தது ஒரே ஒரு கேள்விதான். எந்த மருந்து, எவ்வளவு என்ற எண் எங்கிருந்து வருகிறது? ஏதாவது ஃபார்முலா இருக்கும், போட்டுப் பார்த்துடலாம் என்றுதான் இன்ஜினியர் மூளைக்குத் தோன்றும். உண்மையில் அது கணக்கு இல்லை, டெஸ்ட் ரிப்போர்ட்.

வெடிப்பதில்லை, எரிகிறது

1884இல் பிரான்சின் பால் வியெல் உருவாக்கிய புகையில்லா மருந்தின் வாரிசுகள்தான் இன்றைய ரைஃபிள் மருந்துகள். முக்கியப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். ஒவ்வொரு குருணையும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரிகிறது. அதனால் குருணையின் வடிவமும் அளவும் முக்கியம். சில மருந்துகள் நடுவில் துளையுள்ள குட்டிக் குழாய்கள், சில உருண்டைகள், சில தட்டைச் சில்லுகள். பிரிட்டிஷ்காரர்களின் கார்டைட், கயிறு மாதிரி நீளமாக இருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. ஊட்டி மலை ரயிலில் குன்னூர் தாண்டி வருமே அரவங்காடு, அங்கே 1903இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை அந்த மருந்துக்காக வந்ததுதான்.

சிக்கல் எங்கே என்றால், அழுத்தம் கூடக்கூட எரியும் வேகமும் கூடும். வேகம் கூடினால் வாயு அதிகம், வாயு அதிகமானால் அழுத்தம் இன்னும் அதிகம். இந்தச் சுழலைத் தணிப்பது குண்டின் நகர்வு மட்டுமே. அது குழலில் முன்னே போகப் போக வாயுவுக்கு இடம் கிடைக்கிறது. இந்தப் போட்டி முழுக்கச் சில மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். .30-06 என்ற பிரபலமான வேட்டைத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் அமைப்பான சாமி வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது 33 என்று வைத்துக்கொண்டால், இது 1,800 மடங்கு. சுடுகிறவரின் கன்னம் அதிலிருந்து சில அங்குலத் தூரத்தில் இருக்கிறது.

ஆக, மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் எரிவேகத்தைத் தேர்ந்தெடுப்பது. சின்னக் கூடு, லேசான குண்டு என்றால் ஒப்பீட்டில் வேகமான மருந்து. பெரிய கூடு, கனமான குண்டு என்றால் மெதுவானது. குண்டு கனமாக இருந்தால் மெதுவாகத்தான் கிளம்பும். மருந்து அதற்கு அவகாசம் தரவேண்டும். கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்தை ரைஃபிள் கூட்டில் நிரப்பினால் துப்பாக்கியே சிதறும்.

எரிவேகப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். ஆனால் அவை ரேங்க் கார்டு மாதிரி. முதல் ரேங்க்குக்கும் இரண்டாம் ரேங்க்குக்கும் வித்தியாசம் ஒரு மார்க்கா, நாற்பது மார்க்கா என்று அதில் தெரியாது. எந்தத் தோட்டா என்பதைப் பொறுத்து ரேங்க்கே இடம் மாறும். எந்த மருந்தையெல்லாம் யோசிக்கலாம் என்று பார்க்க உதவும். அளவு சொல்லாது.

4831இன் கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகச் செய்த 4831 என்ற மருந்து ராணுவத்திடம் மலைபோல் மிஞ்சியது. கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் இப்படி மிஞ்சிய மருந்துகளை வாங்கி வேட்டைக்காரர்களுக்கு மலிவாக விற்றார். ஹெச் 4831 புகழ்பெற்றது. 1970களில் டூபாண்ட் நிறுவனம் ஐ.எம்.ஆர் 4831 என்று அதே எண்ணில் புது மருந்து விட்டது. எண் ஒன்றுதான், ஆனால் இது வேகமாக எரியும். ஹெச் 4831க்கான உச்ச அளவை அப்படியே இதில் போட்டால் அழுத்தம் வரம்பைத் தாண்டும்.

4895, 4350 எண்களிலும் இதே இரட்டையர் உண்டு. இன்று இரண்டு பெயர்களும் ஹாட்ஜ்டன் நிறுவனத்திடமே இருக்கின்றன. அப்படியும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணைதான்.

ராணுவத்துக்கே நடந்தது

எம் 16 ரைஃபிளை உருவாக்கும்போது குழாய் வடிவக் குருணை மருந்தை வைத்துச் சோதித்தார்கள். 1964 வாக்கில் அமெரிக்க ராணுவம் உருண்டை மருந்துக்கு மாறியது. குண்டு கேட்ட வேகத்தில் போனது, அழுத்தமும் வரம்புக்குள் இருந்தது. ஆனால் துப்பாக்கி சுடும் வேகம் கூடியது, உள்ளே கரி படிந்தது, வியட்நாமில் சண்டை நடுவே ரைஃபிள்கள் சிக்கிக்கொண்டன. காரணம் இது ஒன்று மட்டும் இல்லை. அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை, துடைக்கும் சாமான்கள் சரியாகத் தரப்படவில்லை. இருந்தாலும் 1967இல் விசாரித்த நாடாளுமன்றத் துணைக் குழு, மருந்து மாற்றத்தைக் கடுமையாகச் சாடியது. வேகமும் அழுத்தமும் பொருந்தினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட விலை கொடுத்த பாடம் கிடைக்காது.

அட்டவணையைப் படிப்பது

நம்பத்தக்க அளவுகள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, ஹாட்ஜ்டன், விட்டாவூரி மாதிரி மருந்து நிறுவனங்கள். இன்னொன்று, ஹார்னடி, சியரா, நோஸ்லர் மாதிரி குண்டு செய்பவர்கள். இரண்டு கையேடுகளை வைத்துப் பார்த்தால் உச்ச அளவு ஒன்றாக இருக்காது. யாரோ தப்பு செய்தார்கள் என்று அர்த்தமில்லை. சோதித்த குழல் வேறு, கூடு வேறு, பிரைமர் வேறு, மருந்தின் லாட் வேறு. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த விவரங்களும் சேர்ந்ததுதான் தரவு.

எதைப் பொருத்திப் பார்க்கவேண்டும்?

1. மருந்தின் முழுப்பெயர். எண் மட்டும் போதாது. முன்னால் இருக்கும் எழுத்தும் வேண்டும்.
2. குண்டின் எடையும் வகையும். ஈயம் இல்லாத முழுச் செம்புக் குண்டு, அதே எடையில் நீளமாக இருக்கும். கூட்டுக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.
3. கூடு. ராணுவக் கூடுகள் பல தடிமனானவை. உள்ளே இடம் குறைந்தால் அதே அளவு மருந்துக்கு அழுத்தம் கூடும்.
4. பிரைமரும், தோட்டாவின் மொத்த நீளமும்.

இதில் ஒன்று மாறினாலும், அட்டவணையின் தொடக்க அளவுக்குத் திரும்பிப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஏறவேண்டும். லாட் மாறினாலும் அப்படியே. உச்ச அளவு என்பது எட்டவேண்டிய இலக்கு அல்ல. பல ரைஃபிள்கள் அதற்குக் கீழேயே நன்றாகக் குறி அடிக்கும். அதேபோல, மெதுவான மருந்தைத் தொடக்க அளவுக்கும் கீழே இஷ்டத்துக்குக் குறைப்பதும் ஆபத்து. அட்டவணைக்கு இரண்டு ஓரங்கள் உண்டு.

அனுபவசாலிகள் மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் வைப்பார்கள். அளக்கும் கருவியில் மிஞ்சியதை வேலை முடிந்ததுமே அதே டப்பாவில் கொட்டிவிடுவார்கள். ஹெச் 4831ஐயும் ஐ.எம்.ஆர் 4831ஐயும் குருணையைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பெயர் தெரியாத மருந்துக்கு அட்டவணையும் கிடையாது; அதை அப்புறப்படுத்துவது ஒன்றே வழி.