கடலில் விழுந்த கணையாழி

சைவத் திருமணங்களில் கணையாழி எடுத்தல் என்றொரு சடங்கு உண்டு. நீர் நிறைந்த குடத்தினுள் மோதிரத்தை இட்டு, மணமகனும் மணமகளும் ஒரே வேளையில் கைவிட்டுத் தேடுவர். யார் கையில் அகப்படுகின்றது என்று பார்க்கச் சுற்றத்தார் நெருக்கியடித்து நிற்பர். மைத்துனிமார் ஒரு பக்கம், மாப்பிள்ளைத் தோழர் ஒரு பக்கம் எனச் சிரிப்பும் ஆரவாரமுமாக இருக்கும். குடம் சிறியது, நீரும் தெளிந்தது. ஆதலால் அன்று விழுந்த மோதிரம் எப்படியும் கைக்கு வந்துவிடும்.

அதே மோதிரம் இருபது வருடங்களின் பின் ஒரு கோடை விடுமுறையில் சவுத்எண்ட் கடற்கரையில் விரலை விட்டு நழுவினால் அங்கே சிரிப்புக்கு இடமில்லை. பிள்ளைகளின் மணல் வாளியைக் கொட்டிப் பார்ப்பதும், துவாயை உதறுவதும், கைகளால் மணலைக் கிளறுவதுமாக நேரம் போகும். பொழுது சாய்ந்ததும், "போனது போகட்டும்" என்று காரில் ஏறுவோரே அதிகம். ஆயினும், விழுந்த இடம் ஓரளவு தெரிந்து, விரைந்து செயற்பட்டால், போனதைத் திரும்பப் பெறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு உதவுவதுதான் மெற்றல் டிற்றெக்டர் என வழங்கும் உலோகங்காட்டும் கருவி.

மோதிரம் ஏன் கழருகின்றது?

இங்கிலாந்தின் கடல்நீரும் ஏரிநீரும் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, விரலும் சற்று மெலிகின்றது. வீட்டில் சவர்க்காரம் போட்டாலன்றிக் கழராத மோதிரம் கடலில் தானாகவே வழுக்கிப் போவது இதனாலேயே. வெயிலுக்குப் பூசும் களிம்பும் அதற்குத் துணை செய்யும்.

விழுந்த பின்னர் பொன்னின் பாரமே அதற்குப் பகையாகின்றது. 22 கரட் பொன் அதே பருமனுள்ள நீரைவிட 17 மடங்குக்கு மேல் பாரமானது. மணலின் துகளோ நீரைவிட இரண்டரை மடங்கு பாரமானது. ஆகவே அலை மணலைக் கலக்குந்தோறும் மோதிரம் கீழே கீழே இறங்குகின்றது. பிறைற்றன் கடற்கரையில் மணலுக்குப் பதிலாகக் கூழாங்கற்கள் கிடப்பதால், அவற்றின் இடுக்குகளின் வழியே அது இன்னும் விரைவாக இறங்கிவிடும். சவுத்எண்டில் வற்றுக்காலத்தில் கடல் ஒரு மைலுக்கும் மேலாகப் பின்வாங்குவதால், தேடுவதற்குச் சில மணி நேரம் அவகாசம் கிடைக்கும். ஆனால் அங்குள்ளது இளகிய சேறு. ஏரிகளின் அடியிலும் பெரும்பாலும் அத்தகைய சேறே உண்டு.

ஒரேயொரு ஆறுதல் என்னவென்றால், பொன் துருப்பிடிப்பதில்லை. வெள்ளி மெட்டி கடல்நீரில் கறுத்துப் போகும். பொன் மோதிரமோ பத்து வருடம் கிடந்து வந்தாலும் பெரும்பாலும் பழைய நிறத்துடனேயே வரும்.

கருவி பிறந்த கதை

1881ஆம் ஆண்டு யூலை மாதம் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலினுள் தங்கிய குண்டு எங்கே என்று வைத்தியர்கள் அறியாது தவித்தபோது, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் மின்காந்தக் கருவியொன்றை அமைத்துக் கொண்டு வந்து தேடினார். குண்டு அகப்படவில்லை. கட்டிலிலிருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்று கூறப்படுகின்றது. ஜனாதிபதி செப்டெம்பரில் காலமானார்.

இரண்டாம் உலகப்போரில் போலந்து நாட்டு இராணுவ அதிகாரியான யோசெப் கொசாட்ஸ்கி, ஸ்கொட்லாந்தில் இருந்தபோது, கையில் ஏந்திச் செல்லத்தக்க கண்ணிவெடி காட்டும் கருவியை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை பெறாமலே பிரித்தானியப் படைக்கு வழங்கினார். 1942ஆம் ஆண்டு எல் அலமெய்ன் போர்க்களத்தில் அது பயன்பட்டது. இன்று கடற்கரையில் பொழுதுபோக்காகப் பலர் ஏந்தி நடக்கும் கருவி, உயிர்காக்கப் பிறந்த கருவிகளின் வழித்தோன்றலே ஆகும்.

அது வேலை செய்யும் முறை கடினமானதன்று. தடியின் நுனியிலுள்ள வட்டச் சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது காந்தப்புலம் உண்டாகின்றது. அப்புலம் நிலத்தடியிலுள்ள உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டங்களை எழுப்புகின்றது. அவை உண்டாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகின்றது. முழு வளையமாக இருக்கும் மோதிரத்தில் மின்னோட்டம் தடையின்றிச் சுழலுமாதலால் ஒலி நன்றாகக் கேட்கும். மெல்லிய சங்கிலியோ அப்படியன்று. அதன் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு வளையமாகி விடுவதால், நிறையில் மோதிரத்தை மிஞ்சிய சங்கிலியும் கருவிக்குப் புலப்படாது போகலாம். தோடு, மூக்குத்தி முதலியனவும் அவ்வாறே. தாலிக்கொடியும் சங்கிலியும் அணிந்து நீரில் இறங்கும் பெண்கள் இதனை நினைவில் வைத்தல் நன்று.

சாதாரணக் கருவி, மோதிரத்தை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரை காட்டும். உப்புநீர் தானும் மின்சாரத்தைக் கடத்துவதால், நனைந்த கடல்மணலில் சில கருவிகள் வீணே கூவும். அதற்கெனத் துடிப்பு முறையிலும், பல அலைவரிசை முறையிலும் இயங்கும் கருவிகள் உள்ளன.

இன்னொரு சிக்கலும் உண்டு. பொன் மோதிரம் எழுப்பும் ஒலியும், குளிர்பானத் தகரத்தின் இழுவளையம் எழுப்பும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குப்பையை விலக்கும்படி கருவியைத் திருப்பி வைத்தால், குப்பையோடு பொன்னும் விலகிப் போகும். ஆதலால், அனுபவசாலி ஒவ்வொரு ஒலிக்கும் குனிகின்றார். ஐம்பது முறை அலுமினியத் துண்டு வந்தாலும் ஐம்பத்தோராவது முறையும் தோண்டுகின்றார். இத்தொழிலில் கருவியைவிடப் பொறுமைக்கே மதிப்பு அதிகம்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

முதலாவது, நின்ற இடத்தை விட்டு அசையாதிருத்தல். பதற்றத்தில் கைகளாலும் கால்களாலும் கிளறினால் மோதிரம் மேலும் ஆழத்துக்குப் போகும்.

இரண்டாவது, இடத்தைக் குறித்தல். நேர் முன்னே ஒரு கட்டடத்தையும் அதன் பின்னே ஒரு கம்பத்தையும் ஒரே கோட்டில் பார்த்துக்கொண்டு, பக்கவாட்டிலும் அவ்வாறே இன்னொரு கோட்டை எடுத்தால், இரண்டும் சந்திக்கும் புள்ளியே மோதிரம் கிடக்கும் இடம். ஆழ்கடலில் தம் இடத்தை அறியக் கரையடையாளங்களை நோக்கும் மீனவர்க்கு இது பழைய வித்தை. கைத்தொலைபேசி உள்ளவர்கள் நாற்புறமும் படம் எடுத்து, வரைபடத்திலும் இடத்தைப் பதிந்து கொள்ளலாம். ஏரியாயின் கயிறு கட்டிய கல்லும் ஒரு மிதவையும் போதும்.

மூன்றாவது, நேரத்தையும் கடல் ஏற்ற இறக்கத்தையும் எழுதிக் கொள்ளல். அடுத்த வற்று எப்போது என்பது தெரிந்தால் தேடுபவருக்குப் பாதி வேலை முடிந்தது.

நான்காவது, கருவி வைத்திருப்போரை நாடுதல். இந்நாட்டின் பல பகுதிகளில் இத்தகையோரின் கழகங்கள் உள்ளன. 1981இல் அமைந்த தேசிய மெற்றல் டிற்றெக்டிங் மன்றத்தின் மூலமும் அவற்றை அறியலாம். கனடாவின் வான்கூவரில் 2009இல் ஒருவர் தொடங்கிய மோதிரம் தேடுவோர் பட்டியல் இன்று பல நாடுகளிலும் உள்ளோரைக் கொண்டதாக வளர்ந்துள்ளது. இவர்களிற் பலர் போக்குவரத்துச் செலவை மட்டும் பெற்று, மோதிரம் கிடைத்தாற் கொடுப்பவரின் மனம்போல் சன்மானம் ஏற்பவர்கள். தேடத் தொடங்குமுன் இதனைத் தெளிவாகப் பேசிக் கொள்ளுதல் இருவருக்கும் நல்லது.

வருமுன் காத்தல் இவையனைத்திலும் மேலானது. நீராடப் போகும் நாளில் நகையை வீட்டில் வைத்துச் செல்ல வேண்டும். சப்பாத்தினுள் இடுவதும் துவாயில் முடிவதும் காவலாகா. நகைகளைப் படமெடுத்து, நிறையும் 916 முத்திரையும் குறித்த பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினால், காப்புறுதிக்கும் உதவும், கண்டெடுத்தவரிடம் உரிமையை நிலைநாட்டவும் உதவும். இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் மண்டபத்தில் சோதிக்கப்பட்ட நகையில் சிறுத்தைத் தலை பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகைய சிறு அடையாளமே பின்னர் பெரிய சாட்சியாகும்.

கண்டெடுத்தவரின் கடமை

சகுந்தலை சசி தீர்த்தத்தில் வழிபடும்போது நழுவவிட்ட மோதிரத்தை மீன் விழுங்கியது. மீனை அறுத்த செம்படவன் அதனை விற்க முயன்றபோது காவலர் அவனைக் கள்வனென்று பிடித்தனர். காளிதாசர் காட்டும் அந்தச் செம்படவனின் இக்கட்டு இந்நாட்டுச் சட்டத்திலும் உண்டு. தொலைந்த பொருள் தொலைத்தவருக்கே உரியது. நியாயமான முயற்சி செய்தால் உரியவரைக் காணலாம் என்று அறிந்திருந்தும் மறைத்து வைத்துக் கொள்வது, 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி குற்றமாகலாம். பெயரோ திருமணத் திகதியோ பொறித்த மோதிரத்தைக் கண்டவருக்கு, "யாருடையதோ தெரியாது" என்ற சாட்டு எடுபடாது.

பழம்பொருளாயின் வேறு சட்டம். 300 வருடங்களுக்கு மேற்பட்டதும், நிறையில் 10 வீதத்துக்குக் குறையாமல் பொன்னோ வெள்ளியோ கொண்டதுமான மோதிரம், 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி புதையல் எனக் கருதப்படலாம். அதனைக் கண்டவர் 14 நாட்களுக்குள் கொறனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். 2023 முதல், 200 வருடங்களுக்கு மேற்பட்ட சிறப்புமிக்க சில உலோகப் பொருட்களும் இச்சட்டத்தினுள் வந்துள்ளன. நூதனசாலை ஒன்று பொருளை ஏற்றால் வெகுமதி உண்டு. வழக்கமாக அது கண்டவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் பகிரப்படும்.

இத்தகைய சட்டம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையில் பழைய ஈமக்குழி ஒன்றை அகழ்ந்தபோது மோதிர முத்திரை ஒன்று கிடைத்தது. அதில் பிராமி எழுத்துகளும் அவற்றுடன் குறியீடுகளும் இருந்தன. அதைத் தனியே ஒருவர் தோண்டியெடுத்துச் சட்டைப்பையில் இட்டிருந்தால் அது வெறும் மோதிரத் துண்டே. கிடந்த இடம், கூடக் கிடந்த பொருள்கள் ஆகியவற்றோடு சேர்ந்து கிடைத்தமையால் அது ஒரு மக்களின் வரலாற்றுக்குச் சான்றாயிற்று.

தேட விரும்புவோர் இடத்துக்கு உரியவரிடம் முதலில் அனுமதி பெற வேண்டும். ஹைட் பார்க் முதலிய அரச பூங்காக்களில் இக்கருவிக்கு அனுமதியில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் விசேட அனுமதியின்றிப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தேம்ஸ் நதியும் அடியார்களும்

இலண்டனில் தேம்ஸ் நதி நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகின்றது. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 7 மீற்றர் வரை வித்தியாசம் உண்டு. வற்றியதும் வெளிப்படும் கரையில் உரோமர் காலம் முதலான பொருள்கள் கிடைக்கின்றன. அங்கே கண்ணாற் பார்த்துத் தேடுவதற்கும் இலண்டன் துறைமுக அதிகாரசபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அது கிடைக்கக் காத்திருக்கவும் நேரிடலாம்.

அக்கரையில் தேடுவோர் கைக்கு வருபவற்றுள் பித்தளை விளக்குகளும் பிள்ளையார் திருவுருவங்களும் யந்திரத் தகடுகளும் உள்ளன. கங்கைக்கும் காவிரிக்கும் ஈடாகத் தேம்ஸை எண்ணி இந்துக்கள் நீரில் இட்டவை அவை. இவை தொலைந்த பொருள்கள் அல்ல, கொடுத்த பொருள்கள் என்பதை உணர்ந்த பலர், கண்டதை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். 1857இல் தேம்ஸிலிருந்து எடுக்கப்பட்டுப் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கும் பற்றசீக் கேடயமும் அவ்வாறு காணிக்கையாக இடப்பட்டதாகவே அறிஞர் கருதுகின்றனர். ஆகவே நதிக்குக் கொடுப்பது இம்மண்ணுக்கும் புதிதன்று. எனினும், பிளாஸ்ரிக், துணி, சாயம் பூசிய உருவங்கள் ஆகியன நீருக்கும் மீனுக்கும் கேடு. அதிகாரசபையின் விதிகளைக் கேட்டறிந்து, மலர் போன்று கரையக்கூடியதை மட்டும் இடுதல் அடியார்களுக்கு அழகாகும்.

விரும்பிக் கொடுத்ததை நீர் வைத்துக் கொள்ளட்டும். நழுவி விழுந்தது உரியவர் கைக்குத் திரும்பட்டும். அடுத்த கோடையில் கடற்கரை மணலில் யாரேனும் ஒரு மோதிரத்தைக் காணும்போது, எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் தன் வெறும் விரலைப் பார்த்துக் கொண்டிருப்பாள் என்று அவர் ஒரு கணம் நினைத்தாற் போதும். மணநாளில் குடத்து நீரில் கிடைத்த அதே மகிழ்ச்சி அவ்வீட்டுக்கு இரண்டாம் முறையும் கிடைக்கும்.