எழுபது வயதில் ஒரு பாட்டும் ஒரு கோப்பையும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டேடோனா பீச் நகரில் 'லாட்டிடியூட் மார்கரீட்டாவில்' என்றொரு குடியிருப்பு இருக்கிறது. 55 வயதைத் தாண்டியவர்களுக்காகவே கட்டப்பட்டது. 2018-ல் ஆட்கள் குடிவரத் தொடங்கினார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் கோல்ஃப் வண்டிதான். ஊர்ச் சதுக்கத்தில் ஒரு மேடை, அதில் கச்சேரி, எதிரே ஆட இடம், அருகிலேயே மதுக்கூடம், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம். முதியோர் குடியிருப்பு என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஜிம்மி பஃபெட் 1977-ல் பாடிய புகழ்பெற்ற பாட்டுதான் இந்த ஊருக்குப் பெயர் தந்தது. பஃபெட் பிறந்தது 1946 கிறிஸ்துமஸ் அன்று. அதாவது, 'பேபி பூமர்' எனப்படும் தலைமுறையின் முதல் ஆண்டுப் பிள்ளை. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் சுமார் 7.6 கோடிக் குழந்தைகள் பிறந்தன. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு முதன்முதலாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியபோது பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இவர்கள். 1969-ல் உட்ஸ்டாக் இசைவிழாவில் சேற்றில் நின்று பாட்டுக் கேட்ட நான்கு லட்சம் பேரில் பெரும்பாலோரும் இவர்களே. இவர்களில் மூத்தவர்களுக்கு 2026-ல் 80 வயது.

இளமையில் பழகிய இரண்டு இன்பங்களை, பாட்டையும் காக்டெய்லையும், இவர்கள் முதுமைக்கும் கையோடு எடுத்து வந்திருக்கிறார்கள். இரண்டுமே உடம்புக்கு நல்லது என்று சொல்லப்பட்ட காலம் உண்டு. இரண்டையும் கடுமையான சோதனைக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். ஒன்று தேறியது.

முதலில் பாட்டு. வயதானவர்களிடம் அவர்கள் வாழ்க்கையில் நினைவிருப்பவற்றைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நாட்களைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். முதல் நட்பு, முதல் காதல், முதல் சம்பளம் என்று எல்லாமே முதன்முறையாக நடக்கும் பருவம் அது. அப்போது காதில் விழுந்த பாட்டும் அந்த நினைவுகளோடு சேர்ந்தே பதிகிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜனாட்டா என்ற ஆய்வாளர் மாணவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் சிறுவயதில் பிரபலமாயிருந்த பாட்டுகளைத் துண்டு துண்டாகப் போட்டுக் காட்டினார். பாட்டு ஏதாவது சொந்த நினைவைக் கிளறியபோதெல்லாம், நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் மூளைப் பகுதி விழித்துக்கொண்டது. 2009-ல் வெளிவந்த முடிவு இது. அல்சைமர் நோய் மூளையை அரிக்கும்போது, ஒப்பீட்டளவில் தாமதமாகவே பாதிக்கப்படும் பகுதிகளில் இதுவும் ஒன்று. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த இன்னோர் ஆய்வு, பழகிய பாட்டை அடையாளம் காணும் பகுதிகளும் அந்த நோயில் ஓரளவு தப்பிப் பிழைப்பதை 2015-ல் காட்டியது.

பாடகர் டோனி பென்னட் பேபி பூமர்களுக்கு ஒரு தலைமுறை மூத்தவர். 2016-ல் அவருக்கு அல்சைமர் என்று கண்டறிந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, தன் 95-வது பிறந்தநாளன்று, நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் லேடி காகாவோடு மேடையேறினார். அன்றாட விஷயங்கள் பலவும் கைநழுவிப் போயிருந்த மனிதருக்கு, இசை தொடங்கியதும் பாட்டு அதன் போக்கில் வந்தது. இதை அதிசயம் என்று சொல்லத் தோன்றும். அதிசயம்தான். ஆனால் நரம்பியலால் விளக்கக்கூடிய அதிசயம்.

நினைவைத் தட்டுவதோடு பாட்டு நிற்பதில்லை. பிடித்த இடம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போதும், அது வந்து சிலிர்க்கும்போதும் மூளையில் டோபமின் சுரக்கிறது என்று மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் நிரூபித்தார்கள். நல்ல உணவும் இதே வேதிப்பொருளைத்தான் தூண்டுகிறது, மதுவும் அதைத்தான் தூண்டுகிறது. காலைத் தட்டச் சொல்லும் தாளம், உடல் அசைவை நிர்வகிக்கும் பகுதிகளையும் எழுப்புகிறது. பார்க்கின்சன் நோயால் நடை தடுமாறுபவர்களைத் தாளத்துக்கு ஏற்ப நடக்கப் பழக்கினால் நடை சீராவதும் வேகம் கூடுவதும் இதனால்தான்.

நடனமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில், உடலுழைப்பு சார்ந்த பொழுதுபோக்குகளிலேயே மறதிநோய் குறைவாக இருந்ததோடு தொடர்புபட்டது நடனம் ஒன்றுதான். ஆனால் ஒரு கேள்வி எழவேண்டும். ஆடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் ஆட முடிந்ததா? வெறுமனே கவனித்துப் பார்க்கும் ஆய்வால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பாட்டைச் சோதிக்க ஹெல்சின்கியில் வேறு வழியில் போனார்கள். பக்கவாதம் வந்தவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு தங்களுக்குப் பிடித்த பாட்டுகளைத் தினமும் கேட்டது, இன்னொன்று ஒலிநூல்களைக் கேட்டது, மூன்றாவதற்கு எதுவும் தரவில்லை. மருத்துவம் எல்லோருக்கும் ஒன்றுதான். சில மாதங்களில், சொற்களை நினைவில் வைப்பதிலும் கவனத்தைக் குவிப்பதிலும் பாட்டுக் குழு மற்ற இரண்டையும் முந்தியது. 2008-ல் வந்த முடிவு இது. ஆரோக்கியமானவர்கள் மட்டும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல இங்கே இடமில்லை, குலுக்கல் அதைத் தடுத்துவிட்டது.

மது தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். அளவாகக் குடிப்பவர்களுக்கு இதயநோய் குறைவு என்ற செய்தி 1991-ல் ஒரு பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. ஒயின் விற்பனை எகிறியது. மாலையில் ஒரு கோப்பை மருந்து மாதிரி என்ற நம்பிக்கை இந்தத் தலைமுறையின் நடுவயதில் வேரூன்றியது. ஆனால் அதற்கு அடிப்படையான ஆய்வுகளில் குடிக்காதவர்கள் என்று கணக்கில் எடுத்தவர்களில் பலர், உடம்பு கெட்டுப் போனதால் குடியை விட்டவர்கள். அவர்களோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத் தெரிவதில் வியப்பில்லை.

இங்கே குலுக்கலை இயற்கையே செய்து வைத்திருந்தது. கிழக்காசியாவில் பலருக்கு, மதுவைச் செரிக்கும் நொதியின் மரபணு மாறியிருக்கும். குடித்தால் முகம் சிவந்து உடம்பு படுத்தும், அதனால் குறைவாகவே குடிப்பார்கள். இந்த மரபணு பிறப்பிலேயே வருவது, அவர்களுடைய வசதிக்கோ உடல்நிலைக்கோ அதில் பங்கில்லை. சீனாவில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்த ஆய்வு இந்த வழியில் கணக்குப் போட்டு, மிதமான மது பக்கவாதத்திலிருந்து காக்கவில்லை என்று 2019-ல் சொன்னது. அளவு கூடக் கூட ஆபத்தும் சீராகக் கூடியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் அறிவித்தது. மது குறைந்தது ஏழு வகைப் புற்றுநோய்களுக்குக் காரணம் என்று 2025 ஜனவரியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி எச்சரித்தார்.

அந்த ஊரின் பெயரிலேயே இருக்கும் மார்கரீட்டாவை எடுத்துக்கொள்வோம். விளிம்பில் உப்பு தடவிய கோப்பை. அதில் 50 மில்லி டெக்கீலா, 20 மில்லி ஆரஞ்சு மதுபானம், 15 மில்லி எலுமிச்சைச் சாறு. இரண்டு மதுவும் 40 சதவீதம் என்றால், மொத்தம் 22 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம்தான். ஒரே கோப்பையில் ஒன்றரைக்கும் மேல் போய்விட்டது.

இந்த 22 கிராமும் உடம்பிலுள்ள நீரில்தான் கரையும். 75 கிலோ எடையும் சராசரி உயரமும் உள்ள ஆணுக்கு 25 வயதில் சுமார் 44 லிட்டர் நீர் இருக்கும், 75 வயதில் ஏறக்குறைய 39 லிட்டர்தான். அதே எடை, அதே கோப்பை, ஆனால் ரத்தத்தில் செறிவு எட்டில் ஒரு பங்கு அதிகம். 65 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நீர் 31 லிட்டர் அளவே என்பதால் செறிவு இன்னும் ஏறும். வயதான மூளையும் அதே செறிவுக்கு முன்பைவிடக் கூடுதலாகத் தடுமாறும். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் காயங்களால் இறப்பதற்கு முதல் காரணம், கீழே விழுவது. நன்றாகத் தூக்கம் வருகிறது என்று குடிப்பவர்களுக்குப் பின்னிரவுத் தூக்கம் கலைந்துவிடும். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மருந்து, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து எல்லாவற்றோடும் மது மோதும்.

ராக் இசையில் வளர்ந்த இவர்களிடம் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒலிபெருக்கியின் முன்னால் கழித்த இரவுகள் பலருடைய காதைப் பாதித்திருக்கின்றன. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தன் காது இரைச்சலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நடுவயதில் கேட்கும் திறன் குறைவது மறதிநோய் அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் முக்கியமானது. காது மந்தமானால் வெட்கப்படாமல் கருவி மாட்டிக்கொள்வதே பாட்டுக்குச் செய்யும் மரியாதை.

இதுவரை சொன்னது பேபி பூமர்களைப் பற்றியதாக இருந்தாலும், மூளை எல்லோருக்கும் ஒன்றுதான். 1976-ல் 'அன்னக்கிளி' படப் பாட்டுகள் வந்தபோது பதினாறு வயதாயிருந்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், பள்ளி முடிக்கும் வயதில் எந்தப் பாட்டை விரும்பிக் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். அவற்றை எடுத்துக் கொடுங்கள், முடிந்தால் கூடவே உட்கார்ந்து கேளுங்கள். மாலையில் ஒரு பெக் பழக்கமுள்ளவர் என்றால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகளோடு அந்தப் பெக்கையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.