மாட்டுக்கு மருந்து, குதிரைக்கு நஞ்சு

மாடும் குதிரையும் ஒருங்கே வளர்ப்பவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். சென்ற மாதம் கன்றின் நுரையீரற் காய்ச்சலுக்கு வாங்கிய மருந்து புட்டியிலே எஞ்சியிருக்கின்றது. இன்று குதிரைக்குக் காய்ச்சல். வைத்தியர் வரத் தாமதமாகும். இருப்பதைக் கொடுத்தால் என்ன என்று மனம் எண்ணுவது இயல்பே. ஆயினும் நேயர்களே, அவ்வெண்ணம் குதிரையின் உயிருக்கே உலைவைத்துவிடக் கூடும்.

காரணத்தை அறியக் குதிரையின் வயிற்றை அறிதல் வேண்டும். இரைமீட்கும் மாட்டுக்குப் புல்லைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் முன்வயிற்றில் வாழ்கின்றன. குதிரைக்கு அத்தகைய முன்வயிறு இல்லை. அதன் நுண்ணுயிர்கள் பின்னே, குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் குடியிருக்கின்றன. குருட்டுக்குடல் மட்டுமே ஏறத்தாழ 30 லீற்றர் கொள்ளும். அங்குள்ள நுண்ணுயிர்கள் குதிரைக்குப் பகைவர் அல்லர். அதற்கு உணவு சமைத்துக் கொடுக்கும் மடைப்பள்ளியார் அவர்களே.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நோய்க்கிருமியை அழிக்கும்போது இந்நண்பரையும் அழித்துவிடலாம். அப்பொழுது தீய கிருமிகள் பெருகி, குடல் அழன்று, கடுங்கழிச்சல் உண்டாகும். ஓரிரு நாளிலேயே குதிரை மடிதலும் உண்டு. பன்றிக்கும் கோழிக்கும் பயன்படும் லிங்கோமைசின் இத்தகையது. மாட்டின் நுரையீரல் நோய்க்கு ஏற்றப்படும் தில்மிக்கோசின் ஊசியும் குதிரையைக் கொல்லக் கூடும். மாட்டுத்தீனியிலும் கோழித்தீனியிலும் சேர்க்கப்படும் மொனென்சின் மிகச் சிறிதளவிலேயே குதிரையின் இதயத்தைச் சிதைத்துவிடும். ஆதலின் அத்தீனியைக் குதிரைத்தொட்டியின் அருகிலும் வைத்தல் ஆகாது.

குட்டிக்கு ஏற்ற மருந்து தாய்க்கு ஏலாமற் போவதும் உண்டு. எரித்திரோமைசின் கொடுக்கப்பட்ட குட்டிகளின் அருகிருந்த தாய்க்குதிரைகள் கடுங்கழிச்சலால் இறந்தமையைச் சுவீடன் நாட்டு மிருக வைத்தியர்கள் 1990களிலே கண்டனர். குட்டியின் வாயிலும் சாணத்திலும் இருந்த சிறிதளவு மருந்தே அதற்குப் போதுமாயிருந்தது.

அவ்வாறாயின் தக்க மருந்தைத் தெரிவது எங்ஙனம்? முதலாவது, நோய் கிருமியால் வந்ததா என்று தெளிதல் வேண்டும். வைரசினால் வரும் சளிக்காய்ச்சலுக்கு இம்மருந்துகள் பயன்படா. இயலுமிடத்துச் சீழையோ சளியையோ சோதித்து, எக்கிருமி, அதனை எம்மருந்து வெல்லும் என்று வைத்தியர் அறிந்துகொள்வார். தாடையின் கீழ்க் கழலை வீங்கிச் சீழ்பிடிக்கும் நோயில், கட்டு பழுக்கும்வரை ஒத்தடமிட்டுப் பின் சீழை வெளியேற்றுவதே பல வேளைகளில் மேலானது. அந்நிலையில் அவசரப்பட்டு ஏற்றும் பெனிசிலின் கட்டுப் பழுப்பதைத் தாமதப்படுத்தலாம்.

இரண்டாவது, அளவு. குதிரையின் நிறையை அறிந்தே அளவு வகுக்கப்படும். மட்டக்குதிரைக்கும் பந்தயக் குதிரைக்கும் ஓரளவு பொருந்தாது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் பரிசுரையிலேயே, குறைந்த அளவு மருந்து கிருமிகளை அதற்கு இசைவுடையனவாக்கிவிடும் என்று எச்சரித்தார். காய்ச்சல் தணிந்தவுடன் நாமாக மருந்தை நிறுத்துதலும் தவறு. குறித்த காலம்வரை கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, கொடுக்கும் முறை. பால்போன்ற புரோக்கெயின் பெனிசிலின் தசையில் மட்டுமே ஏற்றத்தக்கது. தவறி இரத்தக்குழாயிற் புகின், குதிரை வெறிகொண்டு பாய்ந்து விழும். அருகில் நிற்பவருக்கும் ஆபத்து. ஆதலின் ஊசியைக் குத்தியபின் தண்டைச் சற்றுப் பின்னிழுத்து, இரத்தம் வருகின்றதா என்று பார்த்தல் இன்றியமையாதது. வந்தால் ஊசியை எடுத்துவிட்டு வேறிடத்தில் ஏற்றுக.

மருந்து கொடுக்கும் நாட்களில் குதிரையின் சாணத்தையும் தீனியையும் நாள்தோறும் கவனியுங்கள். சாணம் இளகினாலோ, குதிரை தீனியை வெறுத்துச் சோர்ந்து நின்றாலோ, அடுத்த வேளை மருந்தைக் கொடாது, உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள். அந்த எஞ்சிய புட்டியை எடுக்கக் கை நீளும்போது, குதிரையின் வயிற்றிலுள்ள அந்த மடைப்பள்ளியை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.